நகத்தில் எது எத்தனை நாள் நிற்கும்?

 

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாளில், காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளின் நகங்களைப் பார்ப்பது எங்கள் வழக்கம். தீபாவளி முடிந்தாலும் அப்படித்தான். பாதிப் பேரின் விரல்கள் சிவந்திருக்கும். சிலரின் நகத்தில் கியூட்டெக்ஸ் மினுங்கும். "நாளைக்கு வரும்போது இதெல்லாம் இருக்கக் கூடாது" என்று யாராவது ஓர் ஆசிரியர் சத்தம் போடுவார். கியூட்டெக்ஸ் பூசிய பிள்ளை மறுநாள் சுத்தமான நகத்தோடு வந்துவிடும். மருதோன்றி போட்ட பிள்ளை என்ன செய்யும்? தேசிக்காய் தேய்த்து, சவர்க்காரம் தேய்த்து, கல்லில் உரசி, தோல் புண்ணாகி வந்து நிற்கும். நகத்தின் சிவப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

அப்படி ஒரு நாள் தரம் 8 பிள்ளையொன்று கேட்டது: "டீச்சர், இது எத்தனை நாளையில போகும்?" வகுப்பில் ஆளுக்கொரு பதில். பத்து நாள் என்றது ஒன்று. ஒரு மாதம் என்றது இன்னொன்று. அடுத்த பெருநாள் வரைக்கும் இருக்கும் என்று பின்வரிசையில் ஒரு குரல். சரியான பதிலைத் தேடப் போய், அந்தக் கேள்வி எங்களைத் தேயிலை மலைக்கும் வாக்குச் சாவடிக்கும் கூட்டிக்கொண்டு போனது. கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் நகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நாம் காணும் நகம் உயிரற்றது. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள வேரில். அங்கிருந்து புதிய நகம் முளைத்து, பழையதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழு நகமும் புதிதாக மாற நான்கு முதல் ஆறு மாதம் வரை எடுக்கும். கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நடுவிரல் நகம் வேகமாக வளரும், சுண்டு விரல் நகம் மெதுவாக வளரும். இந்தச் சுண்டு விரலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் வில்லியம் பீன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1941இல் தொடங்கி மாதம் ஒரு தடவை தன் பெருவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வர எத்தனை நாள் எடுக்கிறது என்று முப்பத்தைந்து வருடம் எழுதி வைத்தார். 32 வயதில் அவருடைய நகம் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்தது. 67 வயதில் 0.095 மில்லிமீற்றர்தான். வயது போகப் போக நகம் நடை தளர்கிறது. பேத்திக்கும் உம்மும்மாவுக்கும் ஒரே இரவில், ஒரே கிண்ணத்து மருதோன்றியை வைத்தாலும் உம்மும்மாவின் விரலில் அது கூடுதல் நாள் நிற்பதன் காரணம் இதுதான். "பழைய காலத்துக் கை, அதனால பிடிச்சிருக்கு" என்று அவர்கள் பெருமைப்படுவதைக் கெடுக்க வேண்டாம்.

ஆக, நகத்தில் வைக்கும் எதுவும் இரண்டில் ஒன்று. நகத்துக்கு மேலே ஒட்டிக்கொள்வது, அல்லது நகத்துக்குள்ளே இறங்கிவிடுவது. மேலே ஒட்டியதற்கு நாள் கணக்கு. உள்ளே இறங்கியதற்கு மாதக் கணக்கு. நகம் வளர்ந்து, வெட்டுப்பட்டுத்தான் அது போகும்.

எங்கள் வகுப்பறையில் ஒரே இலைக்கு இரண்டு பெயர். முஸ்லிம் பிள்ளைகள் மருதோன்றி என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் மருதாணி என்பார்கள். ஐவணம், அழவணம் என்று பழைய பெயர்களும் அகராதிகளில் உண்டு. தாவரவியலில் அதன் பெயர் லோசோனியா இனெர்மிஸ். லினேயஸ் தன் நண்பரான ஐசக் லோசன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியரின் பெயரை அதற்கு வைத்தார். லினேயஸின் முதல் பெரிய நூல் 1735இல் அச்சேறப் பணம் கொடுத்தவர்களில் லோசனும் ஒருவர். இனெர்மிஸ் என்றால் முள்ளில்லாதது என்று பொருள். ஆனால் முற்றிய மருதோன்றிக் கிளையில் இலை பறித்தவர்களுக்கு அதில் முள் இருப்பது தெரியும்.

இலைக்குள் இருக்கும் சாயத்துக்கும் அந்த வைத்தியரின் பெயர்தான், லோசோன். அரைத்த இலையில் புளிப்பு சேரும்போது சாயம் இலையை விட்டு வெளியே வரும். தேசிக்காய்ப் புளி விடுவது அதற்காகத்தான். வெளியே வந்த லோசோன் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு இரசாயன முறையில் பிணைந்துவிடும். எடுத்தவுடன் தோடம்பழ நிறம், இரண்டு நாள் கழித்து ஆழ்ந்த சிவப்பு. தோலின் மேலடுக்கு தானாக உதிர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளங்கையில் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கும். புறங்கையில் அதற்கும் முன்னமே போய்விடும். நகம் அப்படி உதிர்வதில்லை. ஆகவே பின்வரிசைப் பிள்ளை சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட நின்றது. நோன்புப் பெருநாளுக்குப் போட்ட மருதோன்றி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறக்குறைய எழுபது நாள் கழித்தும் நகத்தின் மேற்பாதியில் பிறைபோல இருக்கும்.

இன்று கோனை வெட்டிக் கொடியும் பூவும் வரைகிறோம். முன்பு அப்படியில்லை. அம்மியில் அரைத்து, ஒவ்வொரு விரல் நுனிக்கும் தொப்பி போட்டு, உள்ளங்கையில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டு, அவ்வளவுதான். இரவு முழுக்கத் துணி சுற்றித் தூங்குவது. இந்தத் தொப்பி முறையை இரண்டு சமூகத்துப் பெரியவர்களின் கைகளிலும் பார்த்திருக்கிறோம். யார் யாரிடம் கற்றது என்ற கேள்விக்கு இடமே இல்லை. தமிழ் பேசும் பெண்களின் கை வழக்கம் அது.

ஆனால் மலையகத்தில் மருதோன்றி எப்போதும் விருந்தாளிதான். அது சூட்டு நிலத்துச் செடி, பனியைத் தாங்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், ஜனவரி பெப்ரவரியில் புல்லின் மேல் வெள்ளைப் பனி படியும். அங்கே அந்தச் செடி என்ன செய்யும்? இலையோ, காய்ந்த தூளோ, மன்னார், புத்தளம், மட்டக்களப்புப் பக்கமிருந்து உறவினர் பையில் வந்துதான் ஆக வேண்டும். இன்னொரு சிரமமும் உண்டு. சூடு இருந்தால்தான் சாயம் நன்றாக இறங்கும். காத்தான்குடியில் மூன்று மணித்தியாலத்தில் பிடிக்கும் சிவப்பு, கந்தப்பளையில் ராத்திரி முழுக்க வைத்தாலும் தோடம்பழ நிறத்தோடு நின்றுவிடும். அதனால்தான் எங்கள் வீடுகளில் அடுப்படியில் உட்கார்ந்து மருதோன்றி வைத்தார்கள். கராம்பு வறுத்த புகையில் கையைக் காட்டினார்கள். அரைத்த விழுதில் கொதித்த தேயிலைச் சாயம் ஊற்றினார்கள். குளிரை வெல்ல மலைநாட்டுப் பெண்கள் கண்ட வழிகள் அவை.

மூவாயிரம் வருடத்துக்கு முன் எகிப்தில் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் உடலை 1976இல் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தபோது, தலைமயிரில் இதே மருதோன்றிச் சாயம் இருந்தது தெரியவந்தது. மயிரும் நகமும் ஒரே கெரட்டின்தான். வளர்ச்சி நின்றுவிட்டால் நிறத்துக்கும் கெடு இல்லை.

மருதோன்றி இல்லாத ஊரில் என்ன செய்வது? கொரியாவில் காசித்தும்பைப் பூவை நசுக்கி, படிகாரம் சேர்த்து, நகத்தில் வைத்து இலையால் கட்டுவார்கள். காசித்தும்பையிலும் அதே லோசோன் சாயம் உண்டு. கோடை முடிவில் போட்ட நிறம், முதல் பனி விழும் வரை நகத்தில் மிச்சம் இருந்தால் முதற்காதல் கைகூடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நகம் எவ்வளவு மெல்ல வளர்கிறது என்பதை வைத்தே ஒரு நாட்டில் நம்பிக்கையொன்று உருவாகியிருக்கிறது. நம் ஊரிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போயிருப்பவர்கள் அங்கே விசாரித்துப் பாருங்கள். காசித்தும்பை நம் மலைகளில் வீட்டு வாசலிலேயே பூக்கும் செடி. அதை இங்கே யாரும் நகத்துக்கு வைத்து நாங்கள் பார்த்ததில்லை.

ஏனென்றால் இங்குள்ள கைகளுக்கு வேறொரு சாயம் ஏற்கனவே இருந்தது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அடுத்த சில வருடங்களில் கோப்பிச் செடியை இலைத்துரு நோய் தின்றது. கோப்பிக்காக திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தவர்கள், தேயிலை வந்ததும் வருடம் முழுவதும் மலையில் நின்றார்கள். கொழுந்து எடுப்பது பெண்களின் வேலையானது. பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் கொழுந்தை ஒடிக்கும்போது தண்டிலிருந்து சாறு கசியும். பச்சை நிறமில்லாத, பார்த்தால் தண்ணீர் போன்ற சாறு. காற்றுப் பட்டதும் அது பழுப்பாகி, பிறகு கறுக்கும். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைத்தால் எந்த மாற்றம் நடந்து கறுப்புத் தேயிலை ஆகிறதோ, அதே மாற்றம்தான் விரலிலும் நடக்கிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் நகத்தின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோல் பதனிடும் வேலையும் இதே வகைதான்.

இந்தக் கறை எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால், வேலை நிற்கும் வரை. ஞாயிற்றுக்கிழமை தேசிக்காய்த் தோலால் தேய்த்தால் கொஞ்சம் வெளிறும். திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனால் மறுபடியும் அதே. நகத்தில் உள்ள சிறு வெடிப்புகளில் கறை இறங்கிக் கோடு கோடாகத் தெரியும். பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் கையைப் பார்த்தே கொழுந்துக்குப் போகிறவர் யார் என்று சொல்லிவிடலாம். நகரத்துக் கடையில் சில்லறை வாங்கும்போது கையை மூடிக்கொண்டு நீட்டும் அம்மாக்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் கையொப்பம் வைக்கும்போதும் அப்படித்தான், முந்தானைக்குள்ளிருந்து விரல் நுனி மட்டும் வரும். சீனியும் பாலும் போட்டு உலகம் குடிக்கும் சாயம் அது. அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

வேலையை விட்டு நின்றால் ஆறு மாதத்தில் நகம் சுத்தமாகிவிடும். நாற்பது வருடம் மலையேறிய கைக்கும் அதே ஆறு மாதம்தான். பேரப்பிள்ளை பிறந்து வீட்டோடு இருந்துவிட்ட ஒரு பாட்டி, தன் நகத்தைத் தானே பார்த்து, "இது யார் கை?" என்று கேட்டதாக ஒரு மாணவி கட்டுரையில் எழுதியிருந்தாள். முழுப் புள்ளி போட்டோம்.

இனி கியூட்டெக்ஸ். நகப்பூச்சுக்கு இலங்கையில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. அது ஓர் அமெரிக்கக் கம்பனியின் பெயர். நோர்த்தம் வொரன் என்பவர் 1911இல் நகத்தைச் சுற்றியுள்ள தோலை நீக்கும் திரவம் ஒன்றை அந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார். சில வருடங்களில் பூச்சும் வந்தது. முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, வெடிமருந்தோடு உறவுள்ள நைத்திரோசெலுலோசு என்ற பொருள் கார் வண்டிகளுக்குப் பூசும் மினுமினுப்பான வர்ணமாகியது. அதையே மெல்லியதாக்கி நகத்துக்கும் கொண்டுவந்தார்கள். 1932இல் ரெவ்லொன் கம்பனி அடர் நிறங்களோடு சந்தைக்கு வந்தது. அதாவது கியூட்டெக்ஸ் என்பது நகத்துக்கு அடிக்கும் கார்ப் பெயின்ட். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் நம்மவர்களின் பென்சிக் கடைகளில் றிபன், பவுடர், காப்புக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் போத்தல்கள் வரிசையாக இருந்ததும், சம்பள நாளில் இளம்பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்றதும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அது காய்வது திரவம் ஆவியாகிப் போவதால். மீண்டும் அதே மாதிரித் திரவம் பட்டால் கரைந்துவிடும். அசிட்டோன் தொட்ட பஞ்சுக்கு ஒரு நிமிட வேலை. அதன் எதிரி தண்ணீர். நனைந்த நகம் ஊதும், வளையும். மேலே இருக்கும் படலம் வளையாமல் வெடிக்கும். அலுவலகத்தில் இருக்கும் கைக்கு ஒரு வாரம் வரை வரும். டிக்கோயா மழையில் கொழுந்தெடுத்து, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும் கைக்கு இரண்டு நாள் தாண்டாது. மலையில் அது ஆடம்பரமாகவே இருந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை.

நம் சமூகத்தில் இந்த "மேலே, உள்ளே" என்ற வித்தியாசம் விஞ்ஞானப் பாடத்துக்கு முன்னமே தெரிந்த ஒன்று. வுழூச் செய்யும்போது தண்ணீர் நகத்தைத் தொட வேண்டும். மருதோன்றி நிறம் மட்டுமே, படலம் இல்லை. தண்ணீரைத் தடுக்காது. கியூட்டெக்ஸ் படலம், தடுக்கும். ஆகவே பல பெண்கள் தொழுகை இல்லாத நாட்களில் பூசிப் பிறகு அகற்றிவிடுவார்கள். போலந்து நாட்டின் இங்க்லொட் கம்பனி, காற்றும் ஈரப்பதனும் ஊடுருவும் பூச்சு என்று ஓ2எம் வகையை வெளியிட்டபோது, உலகெங்கும் முஸ்லிம் பெண்கள் அதைத் தேடி வாங்கினார்கள். ஈரப்பதன் ஊடுருவினால் போதுமா, தண்ணீர் ஓட வேண்டுமா என்று உலமாக்கள் இன்னும் வாதிக்கிறார்கள். அதை அவர்களிடமே விடுவோம்.

ஜெல் பற்றிச் சுருக்கமாக. இது ஆவியாகிக் காய்வதில்லை. புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் கையை வைத்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். அதனால் இரண்டு வாரம், மூன்று வாரம் வரை நிற்கும். அக்ரிலிக் நகம் பல் வைத்தியத்திலிருந்து வந்தது. அது அசையாமல் இருக்கும், ஆனால் கீழே நகம் வளர்ந்து இடைவெளி தெரிவதால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். கல்யாணத்துக்காக ஜெல் போட்டுக்கொண்டு பிறகு பல்லால் பிய்த்தெடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து வருகிறது. மெலிந்த அந்த நகம் வளர்ந்து போக மறுபடியும் ஐந்து ஆறு மாதம். போட்ட இடத்திலேயே முறையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல்லை இறுக வைக்க உதவும் டீ.பீ.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் முதல் தடை செய்திருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் போத்தலின் பின்பக்கத்தையும் வாசியுங்கள்.

சுருக்கமாகச் சொல்ல முடியாதது கறுப்பு மருதோன்றி. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கடைகளில் குவியும் கோன்களில் சில, அரை மணித்தியாலத்தில் கறுப்பு நிறம் தரும். மருதோன்றி இலை கறுப்பு நிறம் தராது. அரை மணித்தியாலத்திலும் தராது. கறுப்பு வருவது பீ.பீ.டீ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தலைமயிர்ச் சாயத்தால். எங்கள் மாணவியொருத்தி பெருநாள் முடிந்து நான்காம் நாள் கையில் கொப்புளங்களோடு வந்தாள். பூப்போட்ட கோலம் அப்படியே, ஆனால் நிறமாக இல்லை, புண்ணாக. ஒவ்வொரு இதழும் நீர் கோத்து வீங்கியிருந்தது. ஆறிய பிறகும் அந்தப் பூ வெளிறிய தழும்பாகத் தெரிந்தது. இதன் உண்மையான கெடு நிறத்தில் இல்லை. பீ.பீ.டீ.யை ஒரு தடவை ஒவ்வாமை என்று உடல் பழகிக்கொண்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் அது மறக்காது. நாற்பது வயதில் நரைக்கு டை அடித்தாலும் முகம் வீங்கும். தாய்மார் தயவுசெய்து கவனியுங்கள். கோனில் உள்ளது இலையா என்று தெரியாவிட்டால், தூள் வாங்கித் தேசிக்காய்ப் புளி விட்டு நீங்களே குழையுங்கள். கறுக்காது, சிவக்கும். எட்டு மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

கடைசியாக, நகத்துக்கு வைக்கும் எல்லாவற்றிலும் நம் மலைக்கு மிகவும் தாமதமாகக் கிடைத்த ஒன்று. தேர்தல் மை.

இந்த மையின் உயிர் வெள்ளி நைத்திரேற்று. இந்தியாவில் தேசிய பௌதிக ஆய்வுகூடம் அதைத் தயாரிக்கும் முறையை உருவாக்க, மைசூர் மகாராஜா 1937இல் தொடங்கிய பெயின்ட் தொழிற்சாலை மை செய்து கொடுக்க, 1962 பொதுத் தேர்தலில் முதன்முதலாக வாக்காளர் விரலில் அது பூசப்பட்டது. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சவர்க்காரத்துக்கும் அசிட்டோனுக்கும் அசையாது. தோலில் மூன்று நான்கு நாள், நகத்தில் வாரக்கணக்கில். நகத்தோடு வளர்ந்துதான் முழுமையாகப் போகும். அதாவது அது கியூட்டெக்ஸ் சாதி இல்லை, மருதோன்றி சாதி. வுழூவுக்கும் தடையில்லை. தேர்தல் கடமையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி அது.

இனி நம் கைகளின் கணக்கைப் பார்ப்போம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத்து மக்களில் பலருக்கும் வாக்கு கிடைத்தது. அந்தத் தேர்தலில் ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் அமைச்சரானார். 1947இல் நுவரெலியாவில் சௌ. தொண்டமான் வென்றார். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் பிரஜை இல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியது. அதே வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. சட்டத்தின் பெயரில் பாகிஸ்தான் இருந்ததை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களில் இறங்கினார்கள். விரலில் அதே கொழுந்துக் கறை. ஆனால் தேர்தல் வந்தபோது அங்கே அந்த விரலுக்கு மை கிடைத்தது. இங்கே நின்ற தங்கைக்குக் கிடைக்கவில்லை. ஒரே லயத்தில் வளர்ந்த இரண்டு கைகள்.

1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து தொண்டமான் மறுபடியும் பாராளுமன்றம் போனார். ஆனாலும் இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலானவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. அதிலும் விடுபட்டவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. 1948இலிருந்து 55 வருடம். ஒரு நகம் வருடத்துக்கு இரண்டு தடவை முழுதாக மாறுகிறது என்று வைத்தால், நூறு தடவைக்கு மேல் புது நகம் முளைத்து வெட்டுப்பட்ட காலம். அந்தக் காலம் முழுவதும் அவர்களின் விரலில் மை பட்டது சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தபோதுதான். அது பெருவிரலின் உட்பக்கத்தில். அன்று மாலையே கழுவுப்பட்டுப் போகும்.

எங்களில் பலர் தேர்தல் கடமைக்குப் போனவர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டப் பாடசாலைச் சாவடியில், வயது போன ஓர் அம்மா முறைப்படி இடது கைச் சுண்டு விரலை நீட்டினார். சுட்டு விரலும் பெருவிரலும் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. பேத்தியின் சடங்குக்கு வைத்த மருதாணி எல்லா நகங்களிலும் பாதியளவு வளர்ந்து நின்றது. அந்தச் சிவப்பின் அடியில், புதிதாக முளைத்திருந்த வெள்ளை இடத்தில் மையைப் பூசினோம். "எத்தன நாளைக்கு நிக்கும் டீச்சரம்மா?" என்றார். மூன்று நான்கு மாதம் வரை அடையாளம் தெரியும் என்றோம். "நல்லா போடுங்க, போன தடவ சீக்கிரமா போயிருச்சு" என்று விரலை இன்னும் முன்னால் நீட்டினார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

2024இல் ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21, பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14. இடையில் 54 நாள். சுண்டு விரல் நகம் அதற்குள் 5 மில்லிமீற்றர் அளவுதான் நகரும். முதல் தேர்தலின் மை முழுதும் வளர்ந்து போக முன் அடுத்தது வந்துவிட்டது.

அடுத்த தேர்தலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. நகத்தில் கியூட்டெக்ஸோ ஜெல்லோ இருந்தால் மை அதன் மேலேதான் நிற்கும், பூச்சை எடுக்கும்போது கூடவே போய்விடும். அப்படி நடக்காமல் இருக்க அலுவலர் நகக்கண்ணோடு சேர்த்துத் தோலிலும் பூசுவார். தோலில் இருப்பது நான்கு நாளில் உதிர்ந்துவிடும். அன்றைக்கு இடது கையை மட்டுமாவது வெறும் நகமாக வைத்துக்கொண்டு போங்கள். மருதோன்றி இருந்தால் பரவாயில்லை.